போலீசுக்கு அல்வா கொடுப்பதா, கேக் உருண்டை கொடுப்பதா?

"போலீசுக்கே அல்வா கொடுத்துட்டாளே!" என்று எங்கள் திருநெல்வேலியில் யாராவது சொன்னால் கேட்பவர் மனதில் முதலில் வருவது இனிப்பு இல்லை. அதனால்தான் 2024 டிசம்பரில் ஒரு கிலோ அல்வாப் பொட்டலத்தோடு நான் ஸ்டேஷன் படி ஏறியபோது என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே ரைட்டர் பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "எங்களுக்கேவாம்மா?" என்றார். அறையே சிரித்தது. அல்வா அரை மணி நேரத்தில் தீர்ந்தது. ஆனாலும் அடுத்த தடவை வேறு ஏதாவது கொண்டுபோக வேண்டும் என்று அந்தச் சிரிப்பிலேயே எனக்கு முடிவாகிவிட்டது.

கொடுக்க வேண்டிய காரணம் 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது அப்போதுதான். தாமிரபரணி கரை மீறி, கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸையே தண்ணீர் சூழ்ந்துகொண்டது. சிந்துபூந்துறையில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு. எழுந்து நடக்க முடியாத என் அத்தையை, அதாவது மாமியாரை, இரண்டு காவலர்கள் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கித் தெருமுனை வரை கொண்டுபோனார்கள். ஒருவருடைய செருப்பு ஆற்றோடு போய்விட்டது. பெயர் கேட்கக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. அதன் பிறகு அத்தை வாரம் ஒரு தடவையாவது, "அந்தப் பிள்ளைகளுக்கு உன் கையால ஏதாவது செஞ்சு கொடுத்துட்டு வா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். "உன் கையால" என்றதைக் கவனிக்காமல் நான் கடை அல்வாவை வாங்கிக்கொண்டு போனேன்.

வீட்டில் எல்லோருக்கும் இதில் ஒரே மனசு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரியப்பா 1999 ஜூலை 23-ஐ மறக்காதவர். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடந்து, 17 பேர் இதே ஆற்றில் செத்துப்போன நாள். "அவங்களுக்கா பலகாரம்?" என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டு எழுந்து போனார். நான் வாதாடவில்லை. அவர் சொன்னதும் உண்மை, நாற்காலியைத் தூக்கியதும் உண்மை. நான் கொடுப்பது நாற்காலியைத் தூக்கியவர்களுக்கு.

சரி, எதைச் செய்வது? அழகாக இருக்கிறதா, ருசியாக இருக்கிறதா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அவர்கள் எப்படிச் சாப்பிடுவார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அல்வா கொண்டுபோன அன்று கால் மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்ததில் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். பாரா நிற்பவர் துப்பாக்கியோடு இடத்தை விட்டு நகர முடியாது. ரைட்டர் மேசையில் மனுக்களும் கம்ப்யூட்டரும் போக உள்ளங்கை அகலம்தான் இடம். பந்தோபஸ்து முடிந்து வந்த இரண்டு பெண் காவலர்கள் நின்றபடியே டீ குடித்துவிட்டு மறுபடி கிளம்பினார்கள். தட்டு இல்லை, கத்தி இல்லை, ஸ்பூன் இல்லை. கை கழுவப் போனால் போன் அடிக்கிறது. அல்வாவை வாழையிலைத் துண்டில் வைத்து விரலால் வழித்துத் தின்றுவிட்டு, நெய்க் கையோடு கேஸ் டைரியைத் தொட முடியாமல் ஏட்டய்யா ஒருவர் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

அதனால் எனக்கு வேண்டியது இதுதான்: ஒரு கையால் எடுத்து ஒரே வாயில் போடுகிற மாதிரி இருக்க வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது, காலையில் கொடுத்தால் நைட் ரவுண்ட்ஸ் போகிறவர் வரை தாங்க வேண்டும், முட்டை கூடாது. முட்டை ஏன் கூடாது என்றால், கார்த்திகையும் மார்கழியும் மாலை போடுகிற காலம். ஸ்டேஷனிலும் தாடியோடு நாலு சாமிகள் இருப்பார்கள். சிலர் வெளியில் செய்த எதையும் தொட மாட்டார்கள், அவர்களுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் தனியாக எடுத்துப் போவது நல்லது.

பேக்கரியில் ஒரு பெரிய கேக் ஆர்டர் கொடுத்துவிடலாமே என்றாள் என் மதினி. கொடுக்கலாம். இன்ஸ்பெக்டர் வருகிற வரைக்கும் வெட்டாமல் வைத்திருப்பார்கள், வந்ததும் வெட்டி போட்டோ எடுப்பார்கள், மேசையைச் சுற்றி நின்றவர்களுக்குத் துண்டு கிடைக்கும், ராத்திரி வருகிறவருக்கு அட்டையில் ஒட்டிய கிரீம் கிடைக்கும். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அல்வாவை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. கெடாமல் இருப்பதில் இன்றைக்கும் அதற்குத்தான் முதலிடம். சர்க்கரையும் நெய்யும் சேர்ந்து நாள் கணக்கில் காப்பாற்றும். ஆனால் கையில் ஒட்டும், அந்தக் கிண்டலையும் தவிர்க்க முடியாது. வீட்டிலேயே செய்யலாம் என்றால் சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பால் எடுத்து, புளிக்கவிட்டு, ஐம்பது பேருக்குக் கிண்டி முடிக்கும்போது நமக்கே ஒரு ஆம்புலன்ஸ் தேவைப்படும்.

அப்படித்தான் கேக் உருண்டைக்கு வந்து சேர்ந்தேன். பெயர்தான் புதுசு. சுட்ட கேக்கை உதிர்த்து, ஈரமான ஏதாவது ஒன்றைச் சேர்த்து, உருண்டை பிடிப்பது. ரவா லட்டு பிடிக்கத் தெரிந்த கைக்கு இதில் கற்றுக்கொள்ள பெரிதாக ஒன்றும் இல்லை. வெளிப்பக்கத்தை என்ன செய்வது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன்.

உள்ளே இருக்கிற கேக் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஒரு கப் கெட்டித் தயிரில் ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் சோடா உப்பு போட்டு நுரைக்கவிட வேண்டும். அதில் முக்கால் கப் சர்க்கரை, அரை கப் எண்ணெய், கொஞ்சம் வெனிலா எசன்ஸ். கடைசியில் ஒன்றரை கப் மைதா. 180 டிகிரியில் 35 நிமிடம். எண்ணெய் வாசமில்லாததாக இருக்கட்டும். நல்லெண்ணெயில் செய்துவிட்டு எள்ளுருண்டை வாசம் வருகிறது என்று என்னைத் திட்டாதீர்கள். முழுக்க ஆறின பிறகு உதிர்த்து, நாலு மேசைக்கரண்டி மில்க்மெய்ட் விட்டுப் பிசைந்தால் 25 கிராம் எடையில் இருபத்தைந்து உருண்டைக்குக் குறையாமல் வரும். மில்க்மெய்டை ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. பிடித்தால் நிற்கிறதா, அந்த நொடியோடு நிறுத்திவிட வேண்டும். ஒரு கரண்டி கூடிப்போனால் களியாகிவிடும், அப்புறம் பிஸ்கட் பொடி போட்டுத்தான் சரிக்கட்ட வேண்டியிருக்கும்.

வெளிநாட்டுச் செய்முறைகளில் மில்க்மெய்டுக்குப் பதிலாக வெண்ணெயும் ஐசிங் சர்க்கரையும் அடித்த கிரீமைச் சேர்க்கச் சொல்வார்கள். ஏசி அறைக்கு அது சரி. பாளையங்கோட்டை வெயிலில் வெண்ணெய் இளகி உருண்டை தட்டையாகி, அதிரசம் மாதிரி உட்கார்ந்துவிடும். கிரீம் சீஸ் சேர்த்தால் பிரிட்ஜை விட்டு வெளியே வைக்கவே பயம். மில்க்மெய்டில் சர்க்கரை அதிகம் என்பதால் ஒரு நாள் முழுக்க வெளியில் இருந்தாலும் தாங்குகிறது.

சர்க்கரைக்குப் பதிலாக உடன்குடிக் கருப்பட்டியைக் காய்ச்சி வடிகட்டிச் சேர்த்தும் ஒரு தடவை செய்தேன். வாசம் தெருவைத் தூக்கியது. வடிகட்டாமல் விட்டால் மண் கடிபடும், கவனம். ஆனால் ஒன்று: கருப்பட்டி போட்டதால் சுகர்காரர்கள் சாப்பிடலாம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். சர்க்கரை நோய்க்காரருக்கு இரண்டும் இனிப்புதான். நாற்பத்தைந்து தாண்டிய காவலர்களில் மாத்திரை போடுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகக் கால் கிலோ காராச்சேவு தனியாக எடுத்துப் போவது என் வழக்கம். உண்மையைச் சொன்னால் முதலில் தீர்வது அதுதான்.

இனி மூன்று வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி, சாக்லேட்டில் முக்கி எடுப்பது. படத்தில் பார்க்கிற பளபள உருண்டைகள் எல்லாம் இதுதான். இதில் நான் பட்ட பாடு அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நிஜச் சாக்லேட் வேண்டாம். அதில் இருக்கிற கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். அது நம் ஊர் சாதாரண மத்தியானம். போதாததற்கு அதை உருக்கி, ஆற்றி, மறுபடி இளஞ்சூடாக்கிப் பதம் பார்த்தால்தான் பளபளப்பு வரும். கேக் சாமான் கடைகளில் காம்பவுண்ட் என்று கட்டியாகக் கிடைக்கிறதே, அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு. பதம் பார்க்கிற வேலை இல்லை, சூட்டையும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். வாயில் லேசாக மெழுகு மாதிரி படும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். நூறு உருண்டைக்கு ஒரு கிலோ காம்பவுண்ட் வாங்கினால் சரியாக இருக்கும்.

உருக்கும்போது தண்ணீர்தான் எதிரி. கொதிக்கிற தண்ணீருக்கு மேல் பாத்திரத்தை வைத்து உருக்குகிறோம், அந்த ஆவியில் ஒரு சொட்டு உள்ளே விழுந்தாலும் சாக்லேட் திரிதிரியாகக் கட்டிக்கொள்ளும். ஈரக் கரண்டியும் கூடாது. கலர் சேர்க்கிறவர்கள் கேசரிக்குப் போடுகிற கலரை ஊற்றினாலும் இதே கதிதான். சாக்லேட்டுக்கு என்று எண்ணெயில் கரைத்த கலர் தனியாக இருக்கிறது.

கெட்டியாக இருந்தால் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டு இளக்குங்கள் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். நானும் விட்டேன். நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பார்த்தாலே விஷயம் புரிந்திருக்க வேண்டும். அது 24, 25 டிகிரியிலேயே உருகிவிடுகிற சாமான். மார்கழி விடியலில் எப்போதாவது உறையும், மற்ற நாளெல்லாம் தண்ணீராகத்தான் நிற்கும். அதைச் சாக்லேட்டில் கலந்தால் மேலோடும் அதே குணத்துக்கு இறங்கிவிடும்.

உருண்டையை பிரிட்ஜில் அரை மணி நேரம் வைத்து எடுத்தால் போதும். பிரீசரில் கல்லாக்கி எடுத்து முக்கினேன், மேலோடு சரியாக இறுகிவிட்டதே என்று சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் பொட்டென்று விரிசல். உள்ளே குளிர் விட்டு உருண்டை உப்பும்போது மேலே இறுகிப்போன ஓடு வெடிக்கிறது. ஒன்றுக்கு மேல் ஒன்றாக எட்டு உருண்டை.

இதெல்லாம் கற்றுக்கொண்ட தைரியத்தில் 2025 ஆனித் தேரோட்டத்துக்கு எண்பது உருண்டை முக்கி எடுத்தேன். நெல்லையப்பர், காந்திமதி, பிள்ளையார், சுப்பிரமணியர், சண்டிகேஸ்வரர் என்று ஐந்து தேரும் ஓடுகிற நாளில் ரத வீதிகளில் நிற்கிற காவலர்கள் விடிகாலையிலிருந்து நிற்கிறார்கள், அவர்களுக்குக் கொடுப்போம் என்று. ஸ்கூட்டி டிக்கியில் வைத்துக்கொண்டு கூட்டத்தைச் சுற்றிப் போய்ச் சேரும்போது மணி பத்து. டப்பாவைத் திறந்தால் எண்பது உருண்டையைக் காணவில்லை, ஒரே ஒரு உருண்டை இருந்தது. டப்பா வடிவத்தில். தடுப்புக் கம்பியோரம் நின்ற பையன், இருபத்திரண்டு வயதுதான் இருக்கும், "பரவால்லக்கா" என்று விரலால் பிய்த்துச் சாப்பிட்டான். கையைத் துடைக்க இடமில்லாமல் பேன்ட்டில் துடைத்தான். காக்கியில் சாக்லேட் அவ்வளவாகத் தெரியாது என்பதுதான் அன்றைக்கு நான் பெற்ற ஒரே ஆறுதல்.

ஆக, முக்கி எடுத்தது டிசம்பர், ஜனவரிக்குச் சரி, கட்டடத்துக்குள் கொடுப்பதற்குச் சரி. வெயிலில் நிற்கிறவர்களுக்கு ஆகாது. மழைக்காலத்திலும் ஒரு சிக்கல் உண்டு. பிரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஈரக்காற்றில் வியர்த்துவிடும். டப்பாவை மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் வைத்து, குளிர் விட்ட பிறகுதான் திறக்க வேண்டும்.

இரண்டாவது வழி குழிப்பணியாரச் சட்டி. உதிர்ப்பது, பிசைவது, முக்குவது ஒன்றும் கிடையாது. கேக் மாவை அப்படியே குழியில் முக்கால் அளவு ஊற்றி, சிறு தீயில் மூடி வைத்து, குச்சியால் புரட்டிவிட்டால் உருண்டை தயார். உருகாது, ஒட்டாது, செலவும் குறைவு. ஒரு மணி நேரத்தில் அறுபது எடுத்துவிடலாம். வெளியே பொன்னிறம், உள்ளே பஞ்சு. இதையே கொடுத்துவிடலாம் என்று பாதி முடிவு செய்து, சோதனைக்காகத் தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்தேன். எதிர்வீட்டு ஆச்சி ஒன்றை வாயில் போட்டு மென்று, "நல்லாத்தாம் இருக்கு. ஆனா இது பணியாரம்லா?" என்றார்கள். அதற்கு மேல் நான் என்ன பேச? உண்மையிலேயே மத்தியானத்துக்கு மேல் அது பணியாரம் மாதிரியே விறைத்தும் போகிறது. சூடாகக் கொடுக்க முடிகிறவர்களுக்கு, அதாவது ஸ்டேஷன் பக்கத்திலேயே வீடு இருக்கிறவர்களுக்கு, இதைவிடச் சுலபமான வழி இல்லை. எனக்கு ஆற்றைத் தாண்டிப் போக வேண்டும்.

மூன்றாவது வழிக்கு நான் தற்செயலாகத்தான் வந்தேன். பிசைந்த மாவு களியாகிப்போன ஒரு நாள், மேரி பிஸ்கட்டை மிக்ஸியில் அடித்து அதில் உருண்டையைப் புரட்டினேன். தட்டில் வரிசையாக வைத்துவிட்டுத் திரும்பினால் என் மகள், "அம்மா, போலீஸ் கலர்!" என்று கத்துகிறாள். பார்த்தால் அச்சு அசல் காக்கி. வெள்ளைக் காம்பவுண்டில் கொஞ்சம் பழுப்புக் காம்பவுண்ட் கலந்து, கூடிப்போனால் வெள்ளையைச் சேர்த்து, குறைந்துபோனால் பழுப்பைச் சேர்த்து, ஒரு மத்தியானம் முழுக்க நான் தேடிய நிறம் பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டுக்குள் இருந்திருக்கிறது. காக்கி என்ற சொல்லுக்கே பாரசீகத்தில் மண் நிறம், தூசி நிறம் என்றுதான் பொருள். பொடியில் புரட்டினால் அந்த நிறம் வருவதில் அதிசயம் ஒன்றுமில்லை.

பொடியில் புரட்டியது உருகாது. விரலில் கொஞ்சம் பொடி ஒட்டும், தட்டிவிட்டால் போயிற்று. குறை என்னவென்றால் பிஸ்கட் பொடி ஈரத்தை இழுக்கும். ராத்திரி புரட்டி வைத்தால் காலையில் நமுத்து, ஈர மண்ணில் விழுந்த கொழுக்கட்டை மாதிரி ஆகிவிடும். இரண்டு பங்கு பிஸ்கட்டுக்கு ஒரு பங்கு பொட்டுக்கடலை மாவு கலந்து, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் புரட்டினால் ராத்திரி வரை சமாளிக்கிறது. அந்தப் பொட்டுக்கடலை மாவை நெய் விடாமல் வெறும் சட்டியில் வாசம் வரும் வரை வறுக்க வேண்டும். படம் எடுத்துப் போடுகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். பளபளப்பு கிடையாது.

இந்த இரண்டில் எது என்று எனக்கே தீரவில்லை. அதனால் 2025 டிசம்பரில் ஒரு டப்பா சாக்லேட்டில் முக்கியது, ஒரு டப்பா பொடியில் புரட்டியது என்று இரண்டையும் கொண்டுபோனேன். நான் பார்த்தது இதுதான்: செல்போனில் படம் எடுத்தது முக்கியதை, எடுத்துத் தின்றது புரட்டியதை. ஒரு எஸ்.எஸ்.ஐ. சார், அதாவது சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர், முக்கி எடுத்த உருண்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத திங்க மனசு வரலம்மா" என்று திரும்ப வைத்துவிட்டு, புரட்டியதில் இரண்டை எடுத்துக்கொண்டு ஜீப்புக்குப் போனார். அதோடு என் ஆராய்ச்சி முடிந்தது.

அலங்காரத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். போலீசுக்கு என்று செய்துவிட்டு வெறும் உருண்டையாகக் கொடுத்தால் வேலை மிச்சம், ஆனால் மனசு ஒப்பவில்லை.

முதலில் யோசித்தது தோள்பட்டை நட்சத்திரம். இன்ஸ்பெக்டருக்கு மூன்று, சப்-இன்ஸ்பெக்டருக்கு இரண்டு, ஏட்டய்யாவுக்கு மூன்று பட்டை என்று செய்தால் எவ்வளவு அழகு! அப்புறம்தான் உறைத்தது. மூன்று நட்சத்திர உருண்டை ஒன்றுதான் இருக்கும், அதை வேறு யாராவது எடுத்து வாயில் போட்டுவிட்டால்? மிஞ்சிய உருண்டை முழுக்க கடைசி ரேங்க்கான கிரேடு டூ காவலர் என்று ஆகிவிட்டால், எடுக்கிறவருக்கு அது இனிக்குமா? பலகாரத்தில் ரேங்க் பார்க்கக் கூடாது என்று விட்டுவிட்டேன். சிங்கமுகச் சின்னமும் வேண்டாம். அரசுச் சின்னத்தை இஷ்டத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுக்க 2005-லேயே சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அதைக் கடித்துத் தின்னச் சொல்லி நீட்டுவது சரியாகவா இருக்கும்?

பாண்டன்ட்டில் குட்டித் தொப்பி செய்து வைத்தேன். சர்க்கரைப் பாகில் பிசைந்த அந்தப் பசை, மழைக் காற்று பட்டதும் வியர்த்து வழுக்கிக்கொண்டு இறங்கியது. இட்லிக்குத் தொப்பி போட்டு, அது தூங்கி விழுகிற மாதிரி ஒரு காட்சி. என் மகள் விடவில்லை. முக்கி எடுத்த உருண்டைகளில் சாக்லேட்டால் மீசை வரைந்தாள். முறுக்கு மீசை, நன்றாகவே வரைந்திருந்தாள். டிசம்பரில் அதைத்தான் கொண்டுபோனோம். பெண் காவலர் ஒருவர் ஒன்றை எடுத்து, "எனக்கும் மீசை வச்சிட்டியளே பாப்பா" என்றார். மகள் முகம் சுருங்கிவிட்டது. அந்தம்மாவே அவள் தலையைத் தடவி, மீசையை முதலில் கடித்துத் தின்றுவிட்டுச் சிரித்தார்கள். ஸ்டேஷனில் பெண்களும் இருக்கிறார்கள் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றாமல் போனது எப்படி என்று தெரியவில்லை, அதுவும் முந்தின வருஷம் கண்ணால் பார்த்த பிறகு.

கடைசியில் நின்றது பெல்ட். காவலர்கள் கட்டுகிற பழுப்பு பெல்ட்டும் டார்க் காம்பவுண்டும் ஒரே நிறம். உருகின காம்பவுண்டைப் பட்டர் பேப்பர் கூம்பில் ஊற்றி, நுனியை ஊசி அளவுக்கு வெட்டி, உருண்டையின் இடுப்பில் பொடியை லேசாகத் தட்டிவிட்டு ஒரு கோடு. சுற்றி முழுக்கப் போட வேண்டாம், முன்பக்கம் மட்டும் போதும். அது இறுகுவதற்குள் நடுவில் பொட்டுக்கடலை ஒரு பருப்பு, தட்டையான பக்கம் வெளியே தெரிகிற மாதிரி. பித்தளை பக்கிள்! கேக் கடையில் விற்கிற வெள்ளி முத்துகளை வைக்கலாம் என்று பார்த்தேன். அது பல்லுக்கு வைக்கிற வேட்டு, அதிலும் கடைவாய்ப் பல் ஆடுகிற வயசில் இருப்பவர்களுக்கு. பொட்டுக்கடலை மெல்லும்போது காணாமல் போய்விடும்.

டிராபிக் காவலர்களுக்கு என்று ஒன்று தனியாகச் செய்தேன். அவர்களுக்கு வெள்ளைச் சட்டை, காக்கி பேன்ட் இல்லையா? உருண்டையின் மேல்பாதியை உலர்ந்த தேங்காய்ப் பூவிலும் கீழ்ப்பாதியை பிஸ்கட் பொடியிலும் தோய்த்து, நடுவில் பெல்ட். ஈரத் தேங்காய்த் துருவலைப் போட்டுவிடாதீர்கள், மத்தியானத்துக்குள் ஊசிப்போகும். வண்ணாரப்பேட்டை ரவுண்டானா அருகில் நின்றவரிடம் கொடுத்தபோது அவர் உருண்டையைப் பார்த்தார், குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். சிக்னல் மாறிவிட்டது, அப்படியே வாயில் போட்டுக்கொண்டு விசிலை எடுத்தார். ஒரு வாய்ப் பண்டமாக இருக்க வேண்டும் என்று நான் ஏன் அடித்துச் சொல்கிறேன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

கொடுக்கிற நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாள் என்று காலண்டரில் பார்த்துவிட்டு அன்றைக்கு இனிப்போடு போகாதீர்கள். 1959-ல் லடாக்கில் சீனப் படையோடு நடந்த மோதலில் இறந்த பத்து ரிசர்வ் போலீஸ் வீரர்களை நினைக்கிற நாள் அது. மலர்வளையம் வைக்கிற இடத்துக்கு லட்டு எடுத்துப் போக மாட்டோம் இல்லையா. பொங்கல், தீபாவளிக்கு எல்லா டேபிளிலும் ஸ்வீட் பாக்ஸ் இருக்கும், நம்முடையது பத்தோடு பதினொன்று. எங்களுக்கு டிசம்பர் 17.

இன்னொன்று, ஸ்டேஷனில் உங்கள் மனு ஏதாவது நிலுவையில் இருந்தால், பாஸ்போர்ட் விசாரணை பாக்கி இருந்தால், பக்கத்து வீட்டுக்காரரோடு வேலித் தகராறு ஓடிக்கொண்டிருந்தால், கேக்கை நீங்களே தின்றுவிடுங்கள். வேலை ஆக வேண்டியவர் கொடுக்கிற பொருளை வாங்குவது அவர்கள் நடத்தை விதிகளுக்கே ஒத்து வராது. நாம் நல்ல மனதோடு கொடுத்தாலும் வாங்குகிறவருக்குத்தான் வம்பு. தனியாக ஒருவர் கையில் கொடுக்காமல் ரைட்டர் மேசையில் வைத்து எல்லோருக்கும் என்று சொல்லிவிடுவதுதான் மரியாதை. முந்தின நாளே போய் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது அதைவிட நல்லது. அப்படியே எத்தனை பேர் என்றும் கேட்டுக்கொள்ளலாம். ஊர்க்காவல் படைப் பையன்கள், ஜீப் டிரைவர், பெருக்க வருகிற அம்மா எல்லோரையும் சேர்த்துத்தான் கணக்கு. தலைக்கு இரண்டு உருண்டை.

டப்பா மேல் நம் பெயர், தெரு, போன் நம்பர், செய்த தேதி, முட்டை இல்லை, பால், தயிர், கோதுமை, பொட்டுக்கடலை இருக்கிறது என்று எழுதி ஒட்டிவிடுங்கள். யாரோ கொண்டுவந்து வைத்த பலகாரத்தைப் போலீஸ்காரர் சட்டென்று வாயில் போட மாட்டார், போடவும் கூடாது. திறந்ததும் நாம் ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டால் பேச்சே வேண்டியதில்லை. அத்தைக்கு என்று எடுத்துவைத்த உருண்டையை நான் அன்றைக்கு அப்படித்தான் தின்றேன்.

டப்பாக்களை டூட்டி வாரியாகப் பிரித்து எழுதியதுதான் நான் செய்த பெரிய புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காலை டப்பா ரோல் காலுக்கே போய்விட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்கு டிபன் கேரியரைத் திரும்ப வாங்கப் போனால், 'நைட் டூட்டிக்கு' என்று மகள் சிவப்பு ஸ்கெட்ச்சில் எழுதி ஒட்டிய டப்பாவும் காலி. அடியில் பிஸ்கட் பொடி மட்டும் இருந்தது. யாரைக் கேட்டாலும் தெரியாது என்கிறார்கள், இத்தனை பேர் விசாரிக்கிற இடத்தில். ரைட்டர்தான் கடைசியில் வழி சொன்னார்: "அடுத்த வருஷம் கொண்டாங்கம்மா, லாக்கப்புல வச்சுப் பூட்டிருவோம்."